ஐந்து ஆறு தாண்டி வேலைக்கு!

மார்கழிப் பனியில் ஒரு மொபெட் பயணம்

மணி ஐந்தரை. திருவையாற்றுத் தெருவில் இன்னும் இருட்டு விலகவில்லை. கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை ஓடுகிறது. வாசலில் கோலம் போட்டாயிற்று. நடுவில் சாணி உருண்டை வைத்துப் பூசணிப்பூவும் செருகியாயிற்று. திண்ணையோரம் நிற்கிற மொபெட்டின் சீட்டு, ஹேண்டில்பார், கண்ணாடி எல்லாவற்றிலும் பனி முத்து முத்தாக நிற்கிறது.

பழைய துண்டை எடுத்து சீட்டைத் துடைப்பது அப்பாவின் வேலை. புடவைக்கு மேல் முழுக்கைச் சட்டை, காதை மூடித் துப்பட்டா, அதற்கு மேல் ஹெல்மெட் என்று தயாராகி நிற்பது மகள். ஏழு மணிக்குத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரி ஒன்றில் காலை டியூட்டி.

"பாப்பா, பாலத்துல மெதுவாப் போ. பனி மூடிக் கெடக்கு."

"சரிப்பா. நீங்க உள்ள போங்க, தலையில பனி எறங்குது."

மார்கழி, தை மாதங்களில் திருவையாற்றுப் பக்கம் இப்படி விடியும் வீடுகள் தெருவுக்குத் தெரு உண்டு. நர்ஸ், ஜவுளிக்கடை ஊழியர், பள்ளி ஆசிரியை, கொத்தனார், பால்காரர், பூ வியாபாரம் செய்கிறவர் என்று பலருக்கும் பிழைப்பு தஞ்சாவூரில்தான். தூரம் அதிகமில்லை, சுமார் 13 கிலோமீட்டர். ஆனால், அந்த 13 கிலோமீட்டருக்குள் ஐந்து ஆறுகளைத் தாண்ட வேண்டும்!

பாலத்தை எண்ணும் பயணம்

காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு. வடக்கே இருந்து வந்தால் இதுதான் வரிசை. ஊருக்குத் திருவையாறு என்ற பெயர் வந்ததற்கே இந்த ஐந்தைத்தான் காரணமாகச் சொல்வார்கள். கல்லணையில் காவிரியை விட்டு வெண்ணாறு பிரிகிறது. அந்த வெண்ணாற்றிலிருந்து தென்பெரம்பூரில் வெட்டாறு பிரிகிறது. இப்படிக் கிளை பிரிந்து, கிளையிலிருந்து வாய்க்கால் பிரிந்து, கடைசியில் ஒரு மடை வழியாக வயலுக்குள் தண்ணீர் இறங்கும் ஊர் இது.

பெரிய நகரங்களில் வேலைக்குப் போகிறவர்கள் சிக்னலை எண்ணுவார்கள். இங்கே பாலத்தை எண்ணுகிறார்கள். "வெண்ணாத்துப் பாலம் வந்துட்டேன்" என்று போனில் சொன்னால், இன்னும் கொஞ்ச நேரத்தில் ஊருக்குள் வந்துவிடுவார் என்று அர்த்தம்.

முதல் பாலம் காவிரி. மழைக்காலத்தில் சிவந்து ஓடிய ஆறு மார்கழியில் தெளிந்திருக்கும். ஆனால், காலை ஆறு மணிக்கு அதைப் பார்க்க முடியாது. கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம் எல்லாம் வெள்ளை. தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்கும். எதிரே வரும் பஸ்ஸின் விளக்கு முதலில் ஒரு மஞ்சள் கறையாகத் தெரியும். அது இரண்டு விளக்காகப் பிரிவதற்குள் பஸ் பக்கத்தில் வந்துவிடும்.

குடமுருட்டியை ஒட்டிக் கண்டியூர். சிவனின் எட்டு வீரட்டத் தலங்களில் ஒன்று. திருவையாற்று ஏழூர்த் திருவிழாவில் வரும் ஏழு ஊர்களிலும் ஒன்று. மார்கழி காலையில் இங்கே தெருவோடு வருகிற வண்டிகள் தானாகவே வேகம் குறைத்துவிடும். காரணம் பள்ளமோ வேகத்தடையோ இல்லை, கோலம்! வாசலைத் தாண்டித் தெரு வரை இழுத்த புள்ளிக்கோலத்தின் மேல் டயரை ஏற்ற யாருக்கும் மனசு வராது. ஓரமாக ஒதுங்கி, ஒரு காலை ஊன்றி, வளைத்துக்கொண்டு போவார்கள். கோலமாவுக் கிண்ணத்தோடு நிற்கும் அக்கா ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு உள்ளே போவார்.

அதன்பிறகு இரண்டு பக்கமும் வயல். வெட்டாறு தாண்டி, வெண்ணாற்றங்கரையில் பள்ளியக்ரஹாரம் வந்தால் டீக்கடை வெளிச்சம். விறைத்த விரல்களை டீ கிளாஸில் சுற்றிக்கொண்டு இரண்டு நிமிஷம் நிற்பவர்கள் அதிகம். கடைசியாக வடவாறு, கரந்தை. 1911-ல் தொடங்கிய கரந்தைத் தமிழ்ச் சங்கம் இருக்கும் அந்தப் பகுதிக்கு வரும்போது பனி மெலிந்து, கட்டடங்களும் ஆட்டோக்களும் தெரிய ஆரம்பிக்கும். அங்கிருந்து பயணம் எல்லா நகரத்திலும் இருப்பதுபோல்தான்.

இவ்வளவு பனி எங்கிருந்து வருகிறது?

டெல்லிக்காரரிடம் தஞ்சாவூர்க் குளிரைச் சொன்னால் சிரிப்பார். மார்கழி, தை விடியற்காலையில் இங்கே வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். நின்ற இடத்தில் நின்றால் அது இதமான குளிர். ஆனால், மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஈரக்காற்று முகத்தில் அடிக்கும்போது அதே 20 டிகிரி வேறு மாதிரி இருக்கும். முதலில் விரல் நுனி மரத்துப்போகும். பிறகு முழங்கால் விறைக்கும். அந்தக் காலத்தில் சைக்கிளில் போனவர்கள் சட்டைக்குள் செய்தித்தாளை மடித்து நெஞ்சில் வைத்துக்கொள்வார்கள். இன்றைக்கும் மொபெட்டில் போகும் பெரியவர்கள் சிலர் அந்த வித்தையை விடவில்லை. மப்ளரும் குரங்குக் குல்லாவும் எல்லா வீட்டிலும் உண்டு.

குளிரைவிடப் பெரிய விஷயம் பனிமூட்டம். ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டி முடித்ததும் மார்கழியில் வானம் தெளியும். மேகம் இல்லாத இரவில் தரை தன் சூட்டை வேகமாக இழக்கும். தரையைத் தொட்டிருக்கும் காற்று குளிரும். அந்தக் காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் அது நுண்ணிய நீர்த்துளிகளாக மாறி அப்படியே மிதக்கும். காற்று அசையாத இரவென்றால் கேட்கவே வேண்டாம்.

டெல்டாவில் ஈரத்துக்கு என்ன பஞ்சம்? சாலையின் இரண்டு பக்கமும் சம்பா நெல் தண்ணீரில் நிற்கிறது. வாய்க்கால் ஓடுகிறது. குளம் நிரம்பியிருக்கிறது. வயல் விடுகிற மூச்சுதான் சாலையில் பனியாக நிற்கிறது என்று சொல்லலாம். ஆற்றுப் படுகையும் வயலும் தாழ்ந்த இடங்கள் என்பதால் குளிர்ந்த காற்று அங்கேதான் வந்து தேங்கும். ஆறரை மணி வாக்கில் சூரியன் எழுந்தாலும் பனி உடனே கலையாது. தரை சூடாகி, எட்டு, எட்டரை ஆகும்போதுதான் திரை விலகும். காலை டியூட்டிக்குப் போகிறவர்களுக்கு அந்தத் திரை விலகும் வரை காத்திருக்க முடியாது.

ஒரு கிலோமீட்டர் தூரத்துக்குள் பார்வை மறைந்தால் அது மூடுபனி என்பது வானிலைத் துறையின் கணக்கு. சாலையில் போகிறவர்கள் கணக்கு எளிமையானது. "ரெண்டு போஸ்ட் தெரியுது" என்றால் பரவாயில்லை. "ஒரு போஸ்ட்டுதான் தெரியுது" என்றால் ஜாக்கிரதை. "அதுவும் தெரியல" என்றால் டீக்கடையில் நின்றுவிடுவது நல்லது.

இன்னொரு கணக்கும் உண்டு. மணிக்கு 40 கிலோமீட்டர் என்றால் ஒரு நொடிக்கு 11 மீட்டர். எதிரே ஏதோ நிற்கிறது என்று கண் பார்த்து, கை பிரேக்கைப் பிடிப்பதற்கு முன்பே வண்டி அந்த 11 மீட்டரைத் தாண்டியிருக்கும். பிரேக் பிடித்து நிற்க இன்னும் தூரம் வேண்டும். பனியில் தெரிவதே 20 மீட்டர் என்றால்?

அதனால்தான் அனுபவப்பட்டவர்கள் 25-ஐத் தாண்டுவதில்லை. விளக்கை ஹை பீமில் வைப்பதில்லை. அந்த வெளிச்சம் நீர்த்துளிகளில் பட்டு, வெள்ளைச் சுவர் மாதிரி திரும்பிக் கண்ணிலேயே அடிக்கும். லோ பீம்தான் சரி. ஹெல்மெட் கண்ணாடி மூச்சுக்காற்றில் உள்ளே மங்கிவிடும் என்பதால் அதை ஒரு விரல்கடை திறந்து வைப்பார்கள். முன்னால் போகிற பஸ்ஸின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டே போவதும் உண்டு. ஆனால், பஸ் திடீரென்று நின்றால் ஆபத்து. அதனால் கொஞ்சம் தள்ளியே போவார்கள்.

ஃபிஃப்டி வந்த பிறகு

இந்தச் சாலைக்கும் மொபெட்டுக்கும் பழைய உறவு உண்டு. ஓசூரில் தயாரான டிவிஎஸ் 50, 1980-ல் வந்தது. இரண்டு பேர் உட்கார்ந்து போகக்கூடிய இந்தியாவின் முதல் மொபெட் அது. கியர் கிடையாது, சைக்கிள் ஓட்டத் தெரிந்தால் போதும். அதுவரை 13 கிலோமீட்டரை சைக்கிளில் மிதித்தவர்களுக்கு அது பெரிய விடுதலை. 'ஃபிஃப்டி' என்றாலே வண்டிதான் என்று ஆகிப்போனது. 2015-ல் அதே குடும்பத்தில் எக்ஸ்எல் 100 வந்தது.

பழைய இரண்டு ஸ்ட்ரோக் வண்டியில் பெட்ரோலோடு ஆயில் கலக்க வேண்டும். பனிக்காலக் காலையில் பெடலை மிதித்து மிதித்துக் கால் வலித்துவிடும். பிளக்கைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிப் புகையோடு கிளப்பிய கதை அந்தத் தலைமுறையில் எல்லாரிடமும் இருக்கும். புதிய நான்கு ஸ்ட்ரோக் வண்டிகளுக்கு அந்தப் பாடு இல்லை.

டெல்டாவில் மொபெட் என்பது ஆபீஸ் போகும் வண்டி மட்டும் இல்லை. காலையில் பால் கேன், மத்தியானம் உர மூட்டை, சாயங்காலம் புல்லுக்கட்டு, ராத்திரி மோட்டார் கொட்டகைக்கு ஒரு நடை என்று ஒரே வண்டி வீட்டில் எல்லாருக்கும் உழைக்கும். முன்னால் காலியாக இருக்கும் அந்த இடத்தில் எதையும் ஏற்றலாம் என்பதுதான் விவசாயிகள் அதை விடாததற்குக் காரணம்.

2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அதற்கு முன், 2018-ல் வேலைக்குப் போகும் பெண்கள் இருசக்கர வாகனம் வாங்க அரசு மானியத் திட்டமும் தொடங்கப்பட்டது. இரண்டுமே டெல்டா பெண்களுக்கு உதவின. பஸ் வசதிப்படும் நேரத்தில் பஸ். ஆனால், உள்கிராமத்திலிருந்து விடியற்காலையில் கிளம்ப வேண்டும், இரவு டியூட்டி முடிந்து திரும்ப வேண்டும் என்றால் மொபெட்தான் கை கொடுக்கிறது.

மழை சொல்லித் தந்த பாடம்

பனிக்கு முன்னால் மழை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை இந்தச் சாலையில் வேறு விதமாகச் சோதிக்கும். நடவு வேலை முடித்து வயலிலிருந்து ஏறும் டிராக்டர்கள் சக்கரத்தில் சேற்றை அள்ளிக்கொண்டு வந்து தார்ச்சாலையில் போட்டுவிடும். டெல்டாவின் களிமண் காய்ந்தால் கல், நனைந்தால் வெண்ணெய். அதில் பிரேக்கை அழுத்திப் பிடித்தால் வண்டி ஒரு பக்கமும் ஆள் ஒரு பக்கமும் போக வேண்டியதுதான்.

சாலையில் தண்ணீர் ஓடினால், முதலில் நின்று பார்ப்பார்கள். சைலன்சர் மூழ்கும் ஆழம் என்றால் இறங்கித் தள்ளிக்கொண்டு போவது. அதற்குக் கீழே என்றால் ஆக்ஸிலரேட்டரை விடாமல் ஒரே சீராகப் போவது. தாண்டிய பிறகு உடனே வேகம் எடுக்கக்கூடாது. டிரம் பிரேக்குக்குள் தண்ணீர் புகுந்திருக்கும். மெதுவாகப் போய்க்கொண்டே லேசாகப் பிரேக்கைத் தொட்டுத் தொட்டு அதைக் காயவைக்க வேண்டும்.

சாயங்காலம் திரும்பும்போது இன்னொரு எதிரி. சம்பாப் பயிரில் பெருகும் பச்சைத் தத்துப்பூச்சி, அரிசி அளவுகூட இருக்காது. விளக்கு வெளிச்சத்தைப் பார்த்துக் கூட்டம் கூட்டமாக வந்து முகத்தில் மோதும். கண்ணில் ஒன்று விழுந்தால் போதும், வண்டியை ஓரம் கட்ட வேண்டியதுதான். போலீஸ் அபராதத்துக்குப் பயந்து ஹெல்மெட் வாங்கியவர்கள்கூட கார்த்திகை மாதத்தில் பூச்சிக்குப் பயந்து கண்ணாடியை இறக்கிவிடுவார்கள்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயலையும் இந்த மாவட்டம் மறக்கவில்லை. தெற்கே பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் தென்னந்தோப்புகள் அப்படியே சாய்ந்தன. மழைக்காலம் என்றால் அது எந்த அளவுக்கும் போகும் என்று காட்டிய நாள் அது.

தை பிறந்தால் வழி...

தை பிறந்தால் வழி பிறக்கும் என்பார்கள். டெல்டா சாலையில் தை பிறந்தால் வழி பாதியாகிவிடும். மீதிப் பாதியில் நெல் காய்கிறது!

சம்பா அறுவடை தொடங்கும் நேரம் அது. இயந்திரம் ஒரே நாளில் அறுத்துக் கொட்டிவிடுகிறது. ஆனால், பனியில் நனைந்த கதிர் ஈரத்தோடுதான் வரும். தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருந்தால்தான் நெல்லை எடுப்பார்கள். மழையும் பனியும் மிஞ்சிய சில ஆண்டுகளில் மத்திய அரசு அதைத் தளர்த்தியதும் உண்டு. 2023 பிப்ரவரித் தொடக்கத்தில் பருவம் தப்பிப் பெய்த மழை, அறுக்கத் தயாராக நின்ற நெல்லைச் சாய்த்தது நினைவிருக்கலாம்.

எல்லா ஊரிலும் போதுமான களம் இல்லை. தார்ச்சாலையோ சீக்கிரம் சூடேறும். நெல் சீக்கிரம் காயும். அதனால் காலை ஒன்பது மணிக்குமேல் சாலையில் நெல்லைப் பரப்புகிறார்கள். காலால் கோடு கோடாகக் கிளறிவிடுகிறார்கள். சாயங்காலம் பனி இறங்குவதற்குள் குவித்து, தார்ப்பாயைப் போட்டு மூடி, ஓரங்களில் கல்லை வைத்துவிட்டுப் போகிறார்கள்.

விடியற்காலை ஆறு மணிக்கு அந்தக் காட்சியை நினைத்துப் பாருங்கள். கறுப்புச் சாலை, கறுப்புத் தார்ப்பாய், அதன் ஓரத்தில் கல். மேலே வெள்ளைப் பனி. ஒரு மொபெட் வருகிறது.

2022-ல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் சுமார் 1 லட்சத்து 68 ஆயிரம் பேர். அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்குமேல் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். சாலையில் கிடக்கும் ஒரு கல்லோ, சிதறிய நெல்லில் வழுக்கும் ஒரு சக்கரமோ சாதாரண விஷயம் இல்லை.

"ஏங்க, ரோட்டுலயா கல்ல வைப்பீங்க? விழுந்திருந்தா என்ன ஆவறது?" என்று வண்டியை நிறுத்திக் கேட்கிறாள் ஒருத்தி.

"தப்புதாம்மா. வேற எங்க காயப் போடறது, சொல்லு? ஈரம் இருக்குன்னு ரெண்டு நாளா திருப்பி அனுப்புறாங்க. மழை வந்துட்டா மொத்தமும் போச்சு" என்கிறார், குவியலுக்குக் காவலாகப் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெரியவர்.

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதில் இன்னொரு சங்கடமும் உண்டு. அப்படிக் கேட்டுவிட்டுப் போகிறவளின் அப்பாவும் அதே நேரம் வேறொரு சாலையில், தன் அஞ்சு மா நிலத்து நெல்லை அள்ளிக்கொண்டு நிற்கலாம். அஞ்சு மா என்றால் ஒன்றரை ஏக்கர் சொச்சம். அந்த நெல்லில்தான் அவளைப் படிக்க வைத்தார். அவள் சம்பளத்தில்தான் இப்போது உரம் வாங்குகிறார். டெல்டாவில் மொபெட்டில் போகிறவரும் நெல் காய வைக்கிறவரும் பெரும்பாலும் ஒரே வீட்டுக்காரர்கள். இந்தச் சாலை ஒருவருக்கு வேலைக்குப் போகும் வழி; ஒருவருக்குக் களம்.

ஊருக்கு ஊர் களமும் உலர்த்தும் வசதியும் பெருகும் வரை இந்தச் சங்கடம் தீராது. அதுவரை இரண்டு பக்கமும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். வளைவிலும் பாலத்தை ஒட்டியும் நெல் பரப்பாமல் இருக்கலாம். சாலையின் ஒரு பக்கம் மட்டும் போடலாம். கல்லுக்குப் பதில் மணல் நிரப்பிய சாக்கை வைக்கலாம். தார்ப்பாயின் மேல் வெள்ளைச் சாக்கை விரித்துவிட்டால் பனியிலும் கண்ணில் படும். வண்டியில் போகிறவர்கள் பத்து நிமிஷம் முன்னதாகக் கிளம்பலாம். லேட்டாகப் போனால் மேலதிகாரியிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

பனியைக் குடிக்கும் பயிர்

தை நடுவில் மேட்டூர் அணை வழக்கமாக மூடப்படும். ஜனவரி 28 வரைதான் பாசனத்துக்குத் தண்ணீர். ஐந்து ஆறுகளிலும் நீர் மெல்ல வற்றி மணல் தெரியத் தொடங்கும். ஆனால், பனி நிற்காது. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்?

அந்தப் பனிக்காகவும் ஒருவர் காத்திருக்கிறார். சம்பா அறுப்பதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே, நிற்கிற பயிருக்குள் உளுந்தையும் பயறையும் விதைத்துவிடுவது டெல்டா வழக்கம். உழவு கிடையாது, தண்ணீர் பாய்ச்சுவதும் கிடையாது. நெல் அறுத்த தாள்களுக்கு நடுவே, மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்தையும் இரவில் இறங்கும் பனியையும் குடித்தே அது முளைத்து, கொடி ஓடி, காய்த்துவிடும்.

எட்டரை மணிக்குப் பனி விலகும்போது சாலையில் நின்று பார்த்தால் தெரியும். மஞ்சள் தாள்களுக்கு இடையே சின்னச் சின்னப் பச்சை இலைகள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு துளி. அதே பனிதான் இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் ஒரு மகளின் ஹெல்மெட் கண்ணாடியை மறைத்தது. நெல் குவியலை ஈரமாக்கியதும் அதே பனிதான்.

மத்தியானம் டியூட்டி முடிந்து, ஐந்து பாலத்தையும் மறுபடி எண்ணிக்கொண்டு வீடு வந்து சேர்கிறாள் மகள். சட்டை, துப்பட்டா, ஹெல்மெட் எல்லாவற்றையும் கொடியிலும் ஆணியிலும் மாட்டுகிறாள்.

"காலைல ஒரு போஸ்ட்டுகூட தெரியலப்பா. இந்தப் பனி எப்பத்தான் விடுமோ!"

வயலைப் பார்த்துவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்திருக்கும் அப்பா சிரிக்கிறார்.

"இன்னும் பத்து நாள் பெய்யட்டும் பாப்பா. உளுந்துக்கு நல்லது. நீதான் நாளைக்கு ஒரு பத்து நிமிஷம் முன்னாடி கெளம்பு."